ஓட்டியவர் பெயர்

சம்சுன்னிசாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூட ஓட்டியதில்லை. ஆனால் தீவு விரைவுச்சாலையில் நூற்று நான்கு கிலோமீட்டர் வேகத்தில் வேன் ஓட்டியதைப் பற்றி வந்த கடிதத்தில் அவள் பெயர்தான் இருந்தது.

ரோவல் சாலையில் ஒரு கடைவீட்டின் பின்கட்டில் அவளுடைய இடியாப்பக் கூடம்; மாடியில் வீடு. மலாய்க்காரர்களும் சீனர்களும் புட்டு மாயம் என்று வாங்கிப் போவது இங்கிருந்துதான் பல காப்பிக் கடைகளுக்குப் போகிறது. விடியுமுன் மாவைக் கொதிநீரில் பிசைந்து, அச்சில் இட்டு, மூங்கில் தட்டுகளில் பிழிந்து அடுக்கினால் ஆறு மணிக்கு முதல் ஆவி எழும். அந்த ஆவியிலேயே நின்று நின்று சம்சுன்னிசாவின் முன்நெற்றி முடி எப்போதும் ஈரமாக இருக்கும். ஐம்பத்திரண்டு வயது. துறைமுகத்தில் முட்டி தேய உழைத்து ஓய்ந்த கணவர் யாக்கூப், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தேங்காய் துருவுவார். கடையும் வேனும் அவள் பெயரில் இருந்தன.

கடிதம் வந்த வியாழக்கிழமை மத்தியானம் மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. மகன் ஸைஃப் தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறான். அன்று வீட்டிலிருந்தே வேலை. அவன்தான் உறையைப் பிரித்துப் படித்தான்.

"போன மாசம் இருபத்தி நாலாம் தேதி. சனிக்கிழமை. பதினொண்ணு அம்பத்திரண்டு. யூனோஸ் தாண்டி, சாங்கி போற பக்கம். நூத்தி நாலு."

"தொண்ணூறு வரைக்கும் போலாமே," என்றார் யாக்கூப்.

"அது கார் அத்தா. வேனுக்கு எழுபதுதான். முப்பத்தி நாலு கூட."

"யாரு ஓட்டுனது?" என்றாள் சம்சுன்னிசா.

"அதைத்தான் உங்ககிட்ட கேக்குறாங்க. ஓட்டுனவங்க பேரு, ஐசி நம்பர், எல்லாம் பதினாலு நாளுக்குள்ள சொல்லணுமாம்."

அரசு இணையச் சேவைகளுக்கான அம்மாவின் சிங்பாஸைக் கொண்டு போலீஸ் தளத்துக்குள் போய்ப் படத்தை எடுத்தான். வேனின் பின்பக்கம் மட்டும். எண் தகடு தெளிவாக இருந்தது. ஓட்டுபவர் தலை இருக்க வேண்டிய இடத்தில், அடுக்கிய பிளாஸ்டிக் கூடைகளின் நிழல்.

"பாருங்க, பின்னால புது டிரைவர் முக்கோணம் ஒட்டல. அப்ப ஹனீன் இல்ல," என்றான் ஸைஃப். தங்கை ஹனீன் உரிமம் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. அவள் வேனை எடுத்தால் அந்த ஆரஞ்சு முக்கோணத்தை ஒட்டியாக வேண்டும். தவிர, சனிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் அவள் பாலர் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு டியூஷன் எடுக்கப் போய்விடுவாள். அவளை யாரும் கேட்கவில்லை.

மிச்சம் ஸைஃப்பும் இருதயராஜும்.

இருதயராஜ் பதினொரு வருடமாக வேன் ஓட்டுகிறார். வயது ஐம்பத்தெட்டு. அவரைவிட இளையவள் என்றாலும் முதலாளி என்ற மரியாதைக்கு அவளை அக்கா என்பார். அவள் அவரை இருதயண்ணே என்பாள்.

"இருபத்தி நாலா?" என்று நெற்றியைத் தேய்த்தார் அவர். "தெம்பனீஸ் கல்யாணம் அன்னிக்குத்தானே? பெரிய ஆர்டர். நான் பத்து மணிக்கு இடியாப்பத்தை ஏத்திக்கிட்டுப் போனேன். இறக்கிட்டுப் பதினொண்ணு கால் போல வந்துட்டேன். அப்புறம் தள்ளுவண்டியை எடுத்துக்கிட்டு தேக்காவுக்குத் தேங்கா வாங்கப் போனேனா, இல்ல அதுக்கு முந்தியே போனேனான்னு..."

"திரும்ப தெம்பனீஸ் போனீங்களா?"

"தெரியலக்கா. ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறேன். நானாவும் இருக்கலாம்."

ஸைஃப்பும் உறுதியாகச் சொல்லவில்லை. காலையில் சிராங்கூன் பக்கத்துக் காப்பிக் கடைகளுக்குப் போட்டுவிட்டு வந்தானாம். பிறகு குளித்துவிட்டு ரயிலேறி நண்பன் வீட்டுக்குப் போனானாம். "பன்னெண்டுக்கு முன்னாடி கெளம்பிட்டேன்னு நெனக்கிறேன்லா." யாக்கூப் அன்று முட்டி வைத்தியத்துக்கு மருத்துவமனையில் இருந்தார். வேனில் மாட்டியிருந்த கேமரா கெட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. மாற்ற வேண்டும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சம்சுன்னிசாவுக்கு அன்று நடந்தது ஞாபகம் இருந்தது. அதுதான் அவளைப் படுத்தியது. பதினொன்றரைக்குக் கல்யாண வீட்டு அம்மா அஃப்னா ஃபோன் செய்தாள். இடியாப்பம் வந்துவிட்டது, அதோடு சாப்பிடும் தேங்காய்ப்பூவும் ஆரஞ்சு நிறச் சீனியும் வரவில்லை, பன்னிரண்டு மணிக்குப் பந்தியில் ஆட்கள் உட்காரப் போகிறார்கள் என்று அழாத குறையாகச் சொன்னாள். இரண்டு பெரிய டப்பாக்கள் கூடத்துத் தரையிலேயே இருந்தன. சம்சுன்னிசா கத்தினாள். டப்பாக்களைத் தூக்கிக் கொடுத்தாள். வேன் சாவியை ஒரு கையில் திணித்தாள். "பறந்து போ! பந்தி ஆரம்பிக்கிறதுக்குள்ள போய்ச் சேரணும்!"

சொன்னது ஞாபகம் இருந்தது. சாவியைக் கொடுத்தது ஞாபகம் இருந்தது. அந்தக் கை யாருடையது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அப்போது அடுத்த ஈடு ஆவியில் இருந்தது. அவள் பார்வை அடுப்பில் இருந்தது.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. மாவில் உப்பைப் போட்டோமா என்று இரண்டு முறை சுவைத்துப் பார்த்தாள். தட்டை எடுத்து வைத்த இடம் மறந்தது. வேனிலேயே கிடக்கும் கடை ஃபோனை ஒரு மத்தியானம் எடுத்துப் பழைய அழைப்புகளைத் துழாவினாள். இருபத்து நான்காம் தேதியில் அவள் எண்ணிலிருந்து வந்து எடுக்கப்படாத அழைப்புகள் வரிசையாக இருந்தன. பதினொன்று நாற்பத்து நான்கு, நாற்பத்தேழு, நாற்பத்தொன்பது, ஐம்பத்தொன்று, ஐம்பத்தைந்து. வேன் கேமராவில் விழுவதற்கு ஒரு நிமிடம் முன்புகூட அவள் கூப்பிட்டிருக்கிறாள். ஃபோனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

ஒன்பதாம் நாள் சமூக மன்றத்தில் இலவசச் சட்ட ஆலோசனை இருக்கிறது என்று ஸைஃப் அழைத்துப் போனான். வைஷாலி என்ற இளம் வழக்கறிஞர் மடிக்கணினிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ஆன்ட்டி, வண்டி உங்க பேர்ல இருக்கு. அப்ப யாரு ஓட்டுனாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு சட்டம் எதிர்பார்க்குது. நீங்க சொல்லலன்னா, நீங்கதான் ஓட்டுனீங்கன்னு எடுத்துக்குவாங்க."

"எனக்கு லைசென்ஸே இல்லியேம்மா."

"நீங்க ஓட்டலன்னு நிரூபிக்கலாம். ஆனா பேர் சொல்லாம இருக்கிறதே தனிக் குத்தம். 'யாருன்னு தெரியல'ன்னு சொன்னா, தெரிஞ்சுக்க நீங்க என்ன முயற்சி பண்ணுனீங்கன்னு கேப்பாங்க. கடையில யார் எப்ப வண்டி எடுக்குறாங்கன்னு எழுதி வைக்கிற நோட்டு இருக்கா?"

"இல்ல."

"சாவி எங்க இருக்கும்?"

"ஆணியில தொங்கும்."

வைஷாலி மடிக்கணினியைச் சற்றுத் தள்ளி வைத்தார். "அண்ணன் ஒருத்தர் ஓட்டுறார்னு சொன்னீங்களே. அவர்கிட்ட நல்லாப் பேசுங்க. ஆனா ஒண்ணு. சந்தேகத்துல ஒரு பேரைப் போடாதீங்க. ஓட்டாதவங்க பேரைத் தெரிஞ்சே குடுத்தா அது ஜெயில் வரைக்கும் போற விஷயம். அதுக்கு ஒத்துக்கிட்டு 'நான்தான்'னு சொல்றவங்களுக்கும் அதேதான்."

வெளியே வந்ததும் ஸைஃப் சொன்னான்: "அம்மா, தெரிஞ்சே குடுத்தாத்தானே தப்பு. இருதயம் அங்க்கிளே 'நானா இருக்கலாம்'னு சொல்றாரு. கல்யாண ஆர்டரை எடுத்துட்டுப் போனதும் அவருதான். அவராத்தான் இருக்கும்லா."

"அவருக்கு ஏற்கனவே தண்டப் புள்ளி ஏறியிருக்குடா. ரெண்டு தடவை பிடிச்சிருக்காங்க. இதுவும் சேந்தா லைசென்ஸை நிறுத்திருவாங்க."

"மூணு மாசம்தான். அதுவரைக்கும் வேற ஆளை வச்சு ஓட்டலாம். அங்க்கிள் உள்ள வேலை பாக்கட்டும். உங்க பேர்ல கேஸ் வந்தா கடை லைசென்ஸ் என்னாகும்னு யோசிச்சீங்களா?"

அவள் சிராங்கூன் சாலையைக் கடக்கும்போது பச்சை விளக்கு வந்தும் நின்றுகொண்டே இருந்தாள். மகன் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

பதினோராம் நாள் ஸைஃப் இருதயராஜிடம் ஐசி எண்ணைக் கேட்டான். அவர் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பணப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த ஹனீன் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். ஸைஃப் மடிக்கணினியில் விவரங்களை நிரப்பி, "படிச்சுப் பாத்துட்டு அனுப்புங்கம்மா," என்று அம்மா முன்னால் வைத்தான்.

ஓட்டியவர் பெயர்: இருதயராஜ். அதைப் பார்த்தபடி சம்சுன்னிசா உட்கார்ந்திருந்தாள். யாக்கூப் துருவலை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"அனுப்பப் போறியா?"

"இன்னும் மூணு நாள் இருக்கு."

"மூணு நாள்ல என்ன புதுசாத் தெரியப்போவுது?"

"தெரியலங்க. கை வரல."

மறுநாள் வேலை முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் அவள் ரயிலேறினாள். அஃப்னா அந்த டப்பாக்களை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஃபோனில் கேட்டிருக்கலாம். ஆனால் ஃபோனில் கேட்டால் ஸைஃப் காதில் விழும், இருதயராஜ் காதில் விழும், கூடத்தில் எல்லார் காதிலும் விழும். தெம்பனீஸ் வரை ரயிலில் நின்றுகொண்டே போனாள். இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

அஃப்னா வீட்டில் கல்யாண அலங்காரத் துணிகள் இன்னும் மூலையில் மடித்துக் கிடந்தன. தேநீர் கொடுத்தாள். மகளும் மருமகனும் ஜொகூருக்குப் போயிருப்பதைச் சொன்னாள். இடியாப்பத்தைப் பற்றி எல்லாரும் புகழ்ந்தார்கள் என்றாள்.

"அஃப்னா, அன்னிக்கு அந்தத் தேங்காப்பூவை யாரு கொண்டு வந்து குடுத்தது?"

"உங்க மகதானே." அவள் சாதாரணமாகச் சொன்னாள். "சின்னப் புள்ள. ரெண்டு டப்பாவையும் தானே தூக்கிக்கிட்டு வந்துச்சு. மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போயி, அழுதுக்கிட்டே வந்துச்சுக்கா. 'லேட்டாயிருச்சா ஆன்ட்டி, லேட்டாயிருச்சா'ன்னு கேட்டுச்சு. பந்தியில இன்னும் யாரும் உக்காரலம்மான்னு சொன்னேன். சர்பத் குடுத்தேன், அதைக்கூடக் குடிக்காமப் போயிருச்சு. ஏன்க்கா, சொல்லலியா உங்ககிட்ட?"

சம்சுன்னிசா டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்துத் தூக்கிக்கொண்டாள். தேநீர் அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது ஹனீன் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சம்சுன்னிசா கதவைச் சாத்தினாள். ரயிலில் வரும்போது திட்டுவதற்கென்று நிறைய வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள்.

"தெம்பனீஸ் போயிட்டு வரேன்."

ஹனீன் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"டியூஷனுக்குப் போகலியா நீ அன்னிக்கு?"

"அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல். கேன்சல் பண்ணிட்டாங்க. சும்மாத்தானே இருக்கோம்னு பேக்கிங்குக்கு கீழ வந்தேன்."

"ஏன்டி சொல்லல?"

"நீங்க யாருமே என்கிட்ட கேக்கலம்மா."

"கேட்டாத்தான் சொல்லுவியா? பன்னெண்டு நாளா இங்க என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும்." அவள் கீழே வைத்த சட்டையை மறுபடி எடுத்தாள். "அந்த முக்கோணத்தை எடுத்து ஒட்டக்கூட டைம் குடுக்கல நீங்க. எனக்கு எக்ஸ்பிரஸ்வேயில தனியா ஓட்டி பழக்கமே இல்ல. போய்ட்டிருக்கும்போது கடை ஃபோன் அடிச்சுக்கிட்டே இருக்கு. நீங்கதான்னு தெரியும். எடுத்தா திட்டுவீங்க. அடிக்க அடிக்க நான் மிதிச்சேன். எவ்வளவு வேகம்னு பாக்கல. ஒரு லோரி பக்கத்துலயே வந்துச்சு, எப்படித் தாண்டுனேன்னு எனக்கே தெரியாது. திரும்பி வரும்போது மெதுவா, அழுதுக்கிட்டே வந்தேன். கீழ வந்தா, 'போயி குடுத்தாச்சா'ன்னு கேட்டீங்க. 'ஆச்சு'ன்னேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல."

சம்சுன்னிசாவுக்கு அந்தக் கேள்வியும் பதிலும் ஞாபகம் வந்தன. பதில் சொன்ன குரலைத்தான் அவள் கேட்டிருக்கவில்லை.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கீழே யாக்கூப் தேங்காய் மூடிகளை மூட்டையில் கொட்டும் சத்தம் கேட்டது.

"அந்த லோரி..." என்று தொடங்கி, அதற்கு மேல் போகாமல் மகளின் முட்டியில் கை வைத்தாள். "ஒன்னுக்கு ஒன்னு ஆயிருந்தா நான் என்னடி பண்ணியிருப்பேன்."

"இருதயம் அங்க்கிள்கிட்ட அண்ணன் ஐசி கேட்டப்பவே சொல்லிடணும்னு நெனச்சேன். ரெண்டு நாளா சாப்பாடு எறங்கல. லைசென்ஸ் போயிருமாம்மா?"

"தெரியல. போனா போகட்டும்."

அன்று மாலையே மடிக்கணினியின் முன்னால் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். ஸைஃப் மடிக்கணினியைத் தங்கை பக்கம் திருப்பினான். நிரப்பியிருந்த பெயரை அழித்துவிட்டு ஹனீன் தன் பெயரைத் தானே தட்டினாள். எழுத்துகளைத் தவறாகத் தட்டி இரண்டு முறை திருத்த வேண்டியிருந்தது. "அனுப்பவா?" என்று அம்மாவைக் கேட்டாள். சம்சுன்னிசா தலையாட்டினாள்.

மூன்று வாரத்தில் ஹனீனுக்குத் தனியாகக் கடிதம் வந்தது. அபராதமும் புள்ளிகளும். முதல் வருடம் என்பதால் இன்னும் ஒரு தவறு செய்தால் உரிமமே ரத்தாகும், இப்போதைக்குத் தப்பிவிட்டது. படித்துவிட்டு ஹனீன் சத்தம் போட்டுச் சிரித்தாள், உடனே அழுதாள். சம்சுன்னிசா அந்த முதல் கடிதம் வந்த பிறகு முதல் முறையாக நன்றாகச் சாப்பிட்டாள். கூடத்துச் சுவரில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். வேன் எடுப்பவர் பெயரும் நேரமும் எழுத வேண்டும். வேனுக்குப் புது கேமரா வந்தது. கடை மறுபடி தன் ஓட்டத்தில் ஓடத் தொடங்கியது.

அடுத்த திங்கட்கிழமை காலை கூடைகளை ஏற்றி முடித்து, இருதயராஜ் பின்கதவைச் சாத்திவிட்டு அவளிடம் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, எனக்கு இன்னும் லெட்டர் வரலியே."

"என்ன லெட்டர்ண்ணே?"

"போலீஸ் லெட்டர். தினம் தபால் பெட்டியைத் திறந்து பாக்குறேன். வீட்டுல அவளும் கேட்டுக்கிட்டே இருக்கா. எப்ப லைசென்ஸைக் குடுக்கணும்னு தேதி தெரிஞ்சா நல்லாருக்கும்னு பாத்தேன்."

சம்சுன்னிசாவின் கையில் மாவு ஒட்டியிருந்தது. அதை முந்தானையில் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"உங்க பேரைக் குடுக்கலண்ணே. ஹனீன்தான் ஓட்டியிருக்கா. அவ பேரைத்தான் குடுத்தோம்."

அவர் அவளையே பார்த்தார்.

"எப்பக்கா?"

"பன்னெண்டாம் நாளே... உங்க ஐசி வாங்குன மறுநாளே. கிட்டத்தட்ட ஒரு மாசம் ஆச்சு."

"ஓ."

"சொல்லியிருக்கணும். எனக்குத் தோணவே இல்லண்ணே. வீட்டு நெனப்புலயே இருந்துட்டேன்."

"பரவாயில்லக்கா. புள்ளைக்கு ஒன்னும் ஆகலல்ல? அது போதும்." உண்மையாகவே அப்படிச் சொன்னார். பிறகு தொப்பியின் விளிம்பைத் திருகினார். "நான் என்ன நெனச்சேன்னா, லைசென்ஸ் போயிட்டா உள்ளார நின்னு வேலை பாக்க இந்த முதுகு தாங்காது. அதனால செக்யூரிட்டி கோர்ஸ் முடிச்சுட்டேன். கேலாங்ல ஒரு கட்டடம். ஒண்ணாம் தேதி சேரச் சொல்லிட்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அதை வேண்டாம்னு சொல்லிடுங்கண்ணே. உங்க லைசென்ஸ்தான் இருக்கே."

"இருக்குக்கா."

வெளியே பின்னால் வந்த லோரி வழி கேட்டு ஹாரன் அடித்தது. இருதயராஜ் தொப்பியைப் போட்டுக்கொண்டு நோட்டின் அருகே போனார். கயிற்றில் ஆடிய பேனாவைப் பிடித்து, தன் பெயரையும் ஏழு இருபது என்று நேரத்தையும் நிதானமாக எழுதினார்.

"ஒண்ணாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருக்குக்கா," என்றார். "அதுக்குள்ள வேற ஆள் பாத்துக்குங்க. ரூட்டெல்லாம் நானே சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்."